பெரட்டுக்குப் போகாதவர்களின் கடிதங்கள்

போன மாதம் தர்ஷினி எனக்குப் போன் எடுத்தாள். பிரதேச செயலகத்தில் நான் ஓய்வு பெறும்வரை உட்கார்ந்திருந்த அதே மேசையில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்.

“விஜி மிஸ், பழைய பதிவேடெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தச் சொல்லியிருக்காங்க. உங்க எழுத்து முத்து முத்தா இருக்கு, வாசிக்கிறதுல பிரச்சினையே இல்ல. ஆனா ரெண்டு விஷயம் மட்டும் புரியல.”

முதலாவது, வேலை தேடுவோர் பதிவேட்டில் ‘முகவரி’ என்ற நிரலுக்கு அடுத்து, அச்சில் இல்லாமல் கையால் கோடிழுத்துச் செருகிய ஒரு சின்ன நிரல். அதன் தலையில் ‘பெரட்டுக்குப் போகிறாரா?’ என்று எழுதி, கீழே ஆம், இல்லை என்று போட்டிருக்கிறது. கம்ப்யூட்டரில் அதற்கு இடமே இல்லையாம். இரண்டாவது, ஒரு பக்கத்தில் ஒரே பெயரைச் சிவப்பு மையால் இரண்டு தடவை வெட்டியிருக்கிறது. ஒரு கோடு அடிமட்டம் வைத்து நேராகப் போட்டது. மற்றது கோணல் மாணலாக மேல்நோக்கிப் போகிறதாம்.

“சின்னப் புள்ள கிறுக்குன மாதிரி இருக்கு மிஸ். யாரு போட்டது?”

அதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது, எழுதித் தருகிறேன் என்றேன். எழுத உட்கார்ந்தால் அது எங்கெங்கோ போய்விட்டது. தர்ஷினி பொறுத்துக்கொள்வாள். அவள் ஹட்டன் டவுன் பிள்ளை, பொறுமைசாலி.

நான் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பிறந்தவள். அப்பா தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற கவ்வாத்துக்காரர், அம்மா கொழுந்து எடுத்தவர். பள்ளியில் உயர்தரம் வரை படித்து, கொஞ்ச காலம் சம்பளமில்லாத தொண்டர் ஆசிரியையாக இருந்து, சோதனை எழுதி அரசாங்க உத்தியோகத்துக்கு வந்தேன். பயிற்சி என்று எங்களைக் கண்டிக்கு அனுப்பினார்கள். படிவங்களை எப்படி நிரப்புவது என்று ஒரு வாரமும், அவற்றை எப்படி அடுக்குவது என்று ஒரு வாரமும் கற்றுக்கொடுத்தார்கள். இரண்டு அலுவலகங்கள் மாறி மூன்றாவதாக இந்த மேசைக்கு வந்தபோது எனக்கு வயது நாற்பதை நெருங்கியிருந்தது. கோடு போடுவதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு. என் பதிவேட்டில் ஒரு கோடு வளைந்திருந்தால் அன்றைக்கு மத்தியானச் சாப்பாடு இறங்காது.

எங்கள் கிளைக்குப் பொறுப்பாக இருந்தவர் சபாநாதன் சேர், யாழ்ப்பாணத்துக்காரர். குளிருக்குப் பயந்து பங்குனி வெயிலிலும் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். சுற்றிவரத் தேயிலையாக இருந்தும் ஒரு பிளேன்டீயை ஊரிலிருந்து கொண்டுவந்த பனங்கட்டியைக் கடித்துக்கொண்டுதான் குடிப்பார். எந்தக் கடிதத்தையும் அடியிலிருந்துதான் வாசிக்கத் தொடங்குவார். முதலில் கையொப்பம், பிறகு திகதி, அதன் பிறகுதான் விஷயம். “கீழை இருந்து வாசிச்சால்தான் பிள்ளை பிழை தெரியும்” என்பார். சரியாக இருந்தால் பச்சைப் பென்சிலால் ஒரு சின்னச் ‘சரி’ போடுவார். பிழை என்றால் திட்ட மாட்டார். மூக்குக் கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டர் ஓரத்தால் துடைத்துக்கொண்டு “ஏன்?” என்று கேட்பார். அந்த ஒரு சொல்லுக்குப் பயந்தே நான் வீட்டிலிருந்து வரும்போது பதில்களை யோசித்துக்கொண்டு வருவேன்.

அந்தக் காலத்தில் வேலை இழந்த குடும்பங்களுக்கு மாதாமாதம் ஒரு நிவாரண உதவி இருந்தது. அதைப் பெற வேண்டுமானால் எங்கள் மேசையில் வேலை தேடுபவராகப் பதிய வேண்டும். மாதம் ஒரு தடவை வந்து கையொப்பமிட வேண்டும். அந்த மாதத்தில் எந்த இரண்டு இடங்களில் வேலை கேட்டார் என்பதற்குச் சீல் குத்திய படிவம் கொண்டுவர வேண்டும். எங்காவது இடம் காலியானால் நாங்கள் நேர்முகத்துக்குக் கடிதம் போடுவோம். இரண்டு கடிதத்துக்கு ஆள் வராவிட்டால் பெயரை வெட்ட வேண்டும், உதவியும் நிற்கும்.

சீல் குத்துகிற கதை ஒரு தனிக் கூத்து. லிந்துலையில் கடை வைத்திருந்த ஒரு முதலாளி ஒருநாள் குடையும் கையுமாக என் முன்னால் வந்து நின்றார்.

“மிஸ், எங்க கடைக்கு சாமான் வாங்க வர்றவங்கள விட சீல் வாங்க வர்றவங்கதான் அதிகமா இருக்காங்க. காலையில இருந்து குத்திக் குத்தி கை வலிக்குது. எங்கிட்ட இருக்கிறது ஒரு தராசு, ஒரு மேசை. நான் யாருக்கு வேலை குடுக்கிறது?”

படிவங்களை எடுத்துப் பார்த்தேன். அந்த மாதம் வந்ததில் பாதிக்கு மேல் அவர் கடைதான். மலையில் வேலை கேட்கப் போக வேறு எந்த இடம் இருக்கிறது? சபாநாதன் சேர் அவருக்கு பிளேன்டீ வரவழைத்துக் கொடுத்தார். கூடவே ஒரு துண்டு பனங்கட்டி. முதலாளி அதை வெகுநேரம் வாயில் வைத்திருந்துவிட்டு, “பரவாயில்ல, நல்ல மனுசன்” என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த மாதத்திலிருந்து, ஒரே கடையின் சீல் எத்தனை படிவத்தில் இருந்தாலும் கேள்வி கேட்பதில்லை என்று சேர் முடிவெடுத்தார்.

படிவத்தில் ‘விரும்பும் தொழில்’ என்று ஒரு கட்டம் உண்டு. தோட்டத்திலிருந்து வருகிற எல்லோரும் அதற்கு ஒரே பதில்தான் சொல்வார்கள்: “எதுன்னாலும் செய்வேங்க.” நானும் ‘எதுவும்’ என்று எழுதிவிடுவேன். சேருக்கு அது பிடிக்காது. “எதுவும் எண்டு ஒரு வேலை இலங்கையிலை இல்லைப் பிள்ளை. வீட்டிலை, கோயில்லை என்ன செய்யிறவை எண்டு கேளும்” என்பார். அப்படிக் கேட்டுப் பதிந்தவர்களில் ஒருத்திதான் இராஜகுமாரி.

அவள் லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றைச் சேர்ந்தவள். தோட்டத்தின் பெயர் வேண்டாம், எனக்கு அங்கே இன்னும் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அந்தத் தோட்டத்துத் தேயிலை பெக்டரியை மூடி, கொழுந்தை வேறு தோட்டத்துக்கு லொறியில் அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். பெக்டரியில் தூள் அரிக்கிற பகுதியில் வேலை செய்த பெண்கள் எல்லோரும் வீட்டுக்கு அனுப்பப்பட்டார்கள். மலையில் கொழுந்தெடுக்கப் பெயர் கொடுத்தால் ஆள் போதும் என்றார்களாம். கணவன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். “எதுன்னாலும் செய்வேங்க மிஸ்” என்றாள். கோயிலில் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன்.

“திருவிழாவுக்கு அன்னதான சமையல் நாந்தாங்க. முந்நூறு பேருன்னாலும் உப்பு பாக்காம எறக்கிருவேன்.”

‘சமையல், பெரிய அளவில்’ என்று எழுதினேன். சேர் அதற்குப் பக்கத்தில் பச்சைச் ‘சரி’ போட்டார்.

இரண்டு மாதம் அவள் ஒழுங்காக வந்து கையொப்பமிட்டாள். அந்த நேரத்தில் ஒரு பாடசாலை விடுதிக்குச் சமையலுக்கு ஆள் கேட்டார்கள். நிரந்தர இடம். இராஜகுமாரிக்குத்தான் என்று நினைத்துக் கடிதம் போட்டேன். அவள் வரவில்லை. ‘அரச சேவை’ என்று அச்சடித்த பழுப்பு உறையில் இரண்டாவது கடிதமும் போட்டேன். அதற்கும் வரவில்லை. மாத முடிவில் அடிமட்டத்தை வைத்து, சிவப்புப் பேனாவால் அவள் பெயரை வெட்டினேன். அந்த மாதம் வெட்டிய பெயர்கள் பல. ‘வேலை வந்தால் வர மாட்டார்கள், உதவி மட்டும் வேண்டும்’ என்று எனக்குள் ஒரு சலிப்பு இருந்தது. எங்கள் ஆட்களைப் பற்றி நானே அப்படி நினைத்தேன் என்பதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அடுத்த மாதம் கையொப்பமிடும் நாளில் இராஜகுமாரி வந்தாள். உதவி வரவில்லை, வங்கியில் கேட்டால் இங்கே போகச் சொன்னார்கள் என்றாள். நான் பதிவேட்டைத் திருப்பிச் சிவப்புக் கோட்டைக் காட்டினேன்.

“ரெண்டு கடிதம் போட்டோம். நீங்க வரல.”

“எனக்கு கடிதமே வரலங்க மிஸ். பெக்டரி மூடுனதுல இருந்து எங்க லயத்துக்கு ஒரு கடிதமும் வர்றதில்லைங்க.”

“எல்லாரும் இதத்தான் சொல்றீங்க” என்றேன், கொஞ்சம் உரக்கவே.

அவள் சண்டை போடவில்லை. சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு தணிந்த குரலில் சொன்னாள். “இந்த மாசமும் உதவி இல்லன்னா பெரியவள கொழும்புக்கு துணிக்கடைக்கு அனுப்பணுங்க. ஏஜென்சிக்காரரு ஞாயித்துக்கிழமை வர்றேன்னு சொல்லியிருக்காரு. அவ உயர்தரம் எழுத இன்னும் நாலு மாசம்தான் இருக்கு. அவளே போறேங்குறா மிஸ், அதுதான் எனக்குத் தாங்கல.”

எனக்குப் பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. சபாநாதன் சேர் எழுந்து வந்து கண்ணாடியைக் கழற்றினார்.

“எல்லாரும் இதைத்தான் சொல்லுகினமோ?” என்று என்னிடம் கேட்டார்.

“ஆமா சேர்.”

“எல்லாரும் ஒண்டையே சொல்லுகினம் எண்டால் அதிலை ஏதோ இருக்குப் பிள்ளை. ஏன் வரேல்லை? லயத்துக்குத் தபால் எப்பிடி வாறது?”

அவருக்குத் தெரியாது. அவர் ஊரில் தபால்காரர் படலையில் மணியடித்துக் கடிதத்தைக் கையில் கொடுப்பார். நான் விளக்கத் தொடங்கினேன். “லயத்துக்குத் தனித்தனி விலாசம் கிடையாது சேர். எல்லாருக்கும் தோட்டத்து விலாசம்தான். தபால் கந்தோர்ல இருந்து தோட்டத்து ஆள் ஒருத்தர் மொத்தமா பையில எடுத்துட்டுப் போவாரு. அத மறுநாள் காலையில பெரட்டுல...”

அந்த இடத்தில் என் வாய் நின்றுவிட்டது. பெரட்டு என்பது விடியற்காலையில் தோட்டத்தில் ஆட்களைக் கூட்டிப் பெயர் கூப்பிட்டு, யாருக்கு எந்த மலையில் வேலை என்று பிரித்து அனுப்புகிற இடம். பெயர் கூப்பிட்டு முடிந்ததும் கணக்கப்பிள்ளை அங்கேயே கடிதங்களைக் கொடுப்பார். பெரட்டுக்கு வருகிறவர்கள் வேலை உள்ளவர்கள். நான் கடிதம் போட்டதெல்லாம் வேலை இல்லாதவர்களுக்கு.

சேர் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவர் ஏன் என்று கேட்கவில்லை, கேட்டிருந்தால் பரவாயில்லை. என்னுடைய நியமனக் கடிதமே பெரட்டுக் களத்துக்குத்தான் வந்தது. அதை அப்பா வாங்கி, கவ்வாத்துக் கத்தியோடு மலைக்குப் போகாமல் லயத்துக்கு ஓடி வந்தார். அரை நாள் பெயர் போய்ச் சம்பளம் குறையும் என்று அம்மா ஏசினாள், ஏசிக்கொண்டே அழுதாள். அதையெல்லாம் பார்த்தவள், மேசைக்கு இந்தப் பக்கம் வந்ததும் மறந்துபோனேன். வெட்கம் என்றால் அப்படி ஒரு வெட்கம் அதற்கு முன்னும் பின்னும் எனக்கு வந்ததில்லை.

“நாளைக்குக் காலமை பெரட்டுக்குப் போவம்” என்றார் சேர்.

மறுநாள் அலுவலக ஜீப்பில் போனோம். சாரதி நிஷாந்த பனியைத் துடைத்துத் துடைத்து ஓட்டினான். சேர் ஸ்வெட்டருக்கு மேல் இன்னொரு ஸ்வெட்டர் போட்டு, காதுக்கு மப்ளரும் கட்டியிருந்தார். பெரட்டுக் களத்தில் பெண்கள் கூடைகளோடு நின்றுகொண்டு எங்களைப் பார்த்துச் சிரித்தார்கள். கணக்கப்பிள்ளை வயதானவர், நல்ல மனிதர். விஷயத்தைச் சொன்னதும் மடுவத்துக்குள் போய், கொழுந்து நிறுக்கிற தராசுக்குப் பின்னாலிருந்து சணல் கயிற்றால் கட்டிய ஒரு கடிதக் கட்டை எடுத்து வந்தார். எல்லாம் பழுப்பு உறைகள். ஒன்றுகூடக் கசங்கவில்லை.

“மூணு நாள் பேரக் கூப்பிடுவேங்க. வரலன்னா கட்டி வச்சிருவேன். முந்தி ஒருதரம் அரசாங்கக் கடிதத்த பக்கத்து வீட்டுக்காரர்கிட்ட குடுத்தனுப்பி, அது தொலஞ்சு பெரிய வம்பாப் போச்சு. அதுல இருந்து ஆளு கையிலதான் குடுப்பேன். பெக்டரி லயத்துல இருந்து இப்ப ஒருத்தருமே பெரட்டுக்கு வர்றதில்லீங்களே, நான் யாருகிட்ட சொல்றது?”

கட்டைப் பிரித்தேன். எல்லா உறையிலும் என் முத்து முத்தான கையெழுத்து. இராஜகுமாரியின் இரண்டு கடிதங்களும் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. கணக்கப்பிள்ளையைக் குற்றம் சொல்ல எனக்கு என்ன யோக்கியதை?

அலுவலகத்துக்குத் திரும்பியதும் சேர் ஒரு வெள்ளைத் தாளை என் முன்னால் வைத்தார். “எழுதும் பிள்ளை. கடிதங்கள் உரியவர்களின் கைக்குச் சேரவில்லை. அது அவர்களது தவறு அன்று, எமது அலுவலகத்தின் தவறு. பெயர்கள் வெட்டப்பட்ட திகதியிலிருந்தே உதவி தொடர வேண்டும்.” எமது அலுவலகம் என்று எழுதிவிட்டு நான் நிமிர்ந்தேன். என் பெயரைப் போடவா என்று கேட்டேன்.

“வேண்டாம். நானும்தானே அடியிலை இருந்து வாசிச்சு வாசிச்சுக் கையெழுத்து வைச்சனான். விலாசத்தைப் பார்க்கேல்லையே” என்றார். கையொப்பமிட்டு, அந்தக் கடிதத்தை மாவட்டச் செயலகத்துக்குத் தபாலில் போடாமல் தானே பஸ் ஏறிக் கொண்டுபோய்க் கொடுத்தார். வெள்ளிக்கிழமை பின்னேரம் அனுமதி வந்தது. ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்ன ஏஜென்சிக்காரரை நினைத்து, சனிக்கிழமை காலையில் லீவு நாளென்றும் பார்க்காமல் நானே பெக்டரி லயத்துக்கு நடந்து போனேன்.

இராஜகுமாரி லயத்துக்குப் பொதுவான தண்ணீர்ப் பீலியடியில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கடிதங்கள் மடுவத்தில் கட்டிக் கிடந்ததையும், உதவி திரும்ப வரும் என்பதையும் சொன்னேன். விடுதிச் சமையல் இடத்துக்கு வேறு ஆள் எடுத்துவிட்டார்கள் என்பதையும் சொன்னேன். அதைச் சொல்வது கஷ்டமாக இருந்தது. மன்னித்துக்கொள்ளச் சொன்னேன். அவள் அலசிய துணியைப் பிழிந்து கல்லில் போட்டாள்.

“புள்ள படிப்பு நிக்காது இல்லீங்களா மிஸ்?”

“நிக்காது.”

“அப்ப போதுங்க” என்றாள். பிறகு, மற்ற கடிதங்கள் என்னவாயின என்று கேட்டாள். அவளோடு வேலை செய்தவர்களுடைய கடிதங்கள் அவை. பையில் வைத்திருந்தேன், எடுத்துக் காட்டினேன். ஒவ்வொரு வீடாகக் கொடுக்கப் போகிறேன் என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். “எதுக்குங்க வீடு வீடா ஏறி எறங்குறீங்க? இங்கயே நில்லுங்க. பெரட்டுக்கு வராத ஆளு இருக்கும், பீலிக்கு வராத ஆளு இருக்காதுங்க.”

அப்படியே நின்றேன். பத்து மணிக்குள் எல்லாக் கடிதமும் போய்விட்டது. அன்றைக்கு அவளே ஒரு பொறுப்பையும் எடுத்துக்கொண்டாள். எங்கள் பழுப்பு உறைகளைத் தபால் பையிலிருந்து கணக்கப்பிள்ளை அவளிடம் கொடுத்துவிடுவார். அவள் பீலியடியில் பெயர் கூப்பிட்டு ஆள் கையில் கொடுத்துக் கையொப்பமும் வாங்குவாள். நான் பதிவேட்டில் அந்தச் சின்ன நிரலைக் கோடிழுத்துச் சேர்த்தேன். ‘பெரட்டுக்குப் போகிறாரா?’ என்று கேட்டு, இல்லை என்றால் வேறு எங்கே எப்படிக் கடிதம் சேரும் என்று விசாரித்துவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போவேன். பூண்டுலோயாப் பக்கம் ஒரு தோட்டத்தில் அது மருந்து கொடுக்கிற இடமாக இருந்தது. இன்னொன்றில் கோயில் பூசாரி.

எட்டு மாதம் போயிருக்கும். வட்டவளைப் பக்கம் ஒரு விடுதியில் சமையலுக்கு ஆள் கேட்டு வந்தது. இராஜகுமாரிக்குக் கடிதம் எழுதினேன். பீலியடியில் அவளே அவள் பெயரைக் கூப்பிட்டிருப்பாள் என்று நினைத்து எனக்குச் சிரிப்பு வந்தது. நேர்முகத்தில் அவள் என்ன சொன்னாளோ தெரியாது, வேலை கிடைத்தது. பெரியவளும் அதற்குள் உயர்தரம் எழுதி முடித்திருந்தாள்.

வேலைக்குப் போகிற வாரம் ஒரு பெட்டி லட்டோடு மேசைக்கு வந்தாள். “மிஸ், என் பேர வெட்டணுங்க” என்றாள். பதிவேட்டைத் திறந்து அடிமட்டத்தையும் சிவப்புப் பேனாவையும் எடுத்தேன். அவள் பெயரின் மேல் என் பழைய கோடு அப்படியே இருந்தது. மீண்டும் சேர்க்கப்பட்டது என்று ஓரத்தில் எழுதியிருந்தேனே தவிர, கோட்டை அழிக்க வழியில்லை.

அவள் அதையே பார்த்தாள். “அன்னைக்கு நீங்க வெட்டுனீங்க. இன்னைக்கு நான் வெட்டட்டுங்களா?”

பதிவேட்டில் உத்தியோகத்தரைத் தவிர வேறு யாரும் எழுதக்கூடாது. எனக்கு அது நன்றாகத் தெரியும். சேரின் மேசைப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, ஸ்வெட்டர் ஓரத்தால் வெகு கவனமாகத் துடைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்கு மூன்றடிக்கு அப்பால் எதுவும் தெரியாது.

பேனாவைக் கொடுத்தேன். அடிமட்டத்தையும் நீட்டினேன்.

“அது வேணாங்க மிஸ்” என்றாள்.

கோடு அவள் பெயரின் முதல் எழுத்தில் தொடங்கி, வளைந்து, மேலே ஏறி, பக்கத்துக் கட்டத்துக்குள்ளும் கொஞ்சம் போய்விட்டது. “சரியா இருக்குங்களா?” என்று கேட்டாள். சரியாக இருக்கிறது என்றேன். அன்று மத்தியானம் மூன்று லட்டு சாப்பிட்டேன்.

தர்ஷினி, கம்ப்யூட்டரில் ‘வேலை கிடைத்தது’ என்று மட்டும் போட்டுவிடு. சின்ன நிரலுக்குக் கம்ப்யூட்டர்காரர்களிடம் ஒரு கட்டம் கேட்டுப் பார், ஏன் என்று கேட்டால் இதை வாசிக்கக் கொடு. பிறகு அந்தப் பக்கத்தைப் போனில் ஒரு படம் பிடித்து எனக்கு அனுப்பு. அன்றைக்கு இராஜகுமாரி போன பிறகு சபாநாதன் சேர் வந்து அந்தக் கோணல் கோட்டின் முடிவில் ஒரு பச்சைச் ‘சரி’ போட்டார். பென்சில் எழுத்து, இன்னும் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும்.